ஒரே பக்கம் திரும்பும் வளையம்

தண்ணீருக்குள் கட்டிக்கொண்டு போக எந்தக் கடிகாரம் வாங்கலாம் என்று நம் முக்குளிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்கிற எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் போட்டிருப்பதைத்தான் முதலில் படித்துக் காட்டுகிறீர்கள். நம் ஆறுகளுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. எந்த மதகுக்கு முன்னால் இறங்கினாலும் இரண்டு மூன்று ஆள் ஆழத்துக்கு மேல் போகமாட்டோம். நமக்குத் தொந்தரவு ஆழத்தால் வருவதில்லை, கலங்கலால் வருகிறது. காவிரித் தண்ணீரில் ஒரு முழம் இறங்கினால் வெளிச்சம் மோர் மாதிரி இருக்கும். இன்னொரு முழத்தில் தேநீர். அதற்கும் கீழே போனால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே மறந்துபோகும்.

அந்த இடத்தில் நேரம் வேறு மாதிரி ஓடும். நான் கடற்கரையில் பிறந்தவன். நாகப்பட்டினத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். கடலுக்குள் முங்கினால் பச்சை வெளிச்சத்தில் மீன் ஓடுவது தெரியும். மேலே சூரியன் உடைந்து ஆடுவதும் தெரியும். எவ்வளவு நேரம் ஆனது என்று உடம்பே சொல்லிவிடும். ஆற்றுக்குள் உடம்புக்கு எதுவும் தெரியாது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் காதுக்குள் போய்வந்து கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அது யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குகிற சத்தம் போல ஆகிவிடும். மனசு எங்கெங்கோ போகும். ஐந்து நிமிஷம் ஒரு பகல் போலத் தோன்றும். அரை மணி நேரம் ஒரு கொட்டாவி போலப் போய்விடும். அந்த மயக்கத்தைக் குறை என்று நினைக்காதீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வேலையில் கடைசி வரை இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த மயக்கத்தில் இருக்கிறவனிடம் நேரம் கேட்கக் கூடாது.

இப்போது உங்களிடம் சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள் இருக்கிறது. எங்களுக்கு அது கிடையாது. காற்று குறைந்தால் மூச்சு இழுக்கக் கனமாகும். அப்போது முதுகுப் பக்கம் கையை விட்டு ஒரு கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். மிச்சம் வைத்த கொஞ்சம் காற்று வரும். அதை வைத்து மேலே வந்துவிட வேண்டும். மற்றபடி காற்றுக்குக் கணக்கு கடிகாரம்தான். இறங்கும்போது, டயலைச் சுற்றியிருக்கிற வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராக வைப்போம். முள் அந்தக் குறியை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். கலங்கலில் முகமூடிக் கண்ணாடிமேல் கடிகாரத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் முள்ளும் குறியும் மட்டும் மினுமினுப்பாகத் தெரியும்.

துறையில் எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு கடிகாரம். வெளிநாட்டுச் சரக்கு, பார்வைக்கு அவ்வளவு அழகு. இறங்குகிறவர் அதைக் கட்டிக்கொள்வார். கரையில் அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்கிறவர் ஆரோக்கியசாமியின் கல்யாணக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்வார். அது தண்ணீர் பட்டால் நின்றுவிடும் சாதாரணக் கைக்கடிகாரம். ஆரோக்கியசாமி வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், என் வயசுதான், வேலைக்கும் ஒன்றாகச் சேர்ந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் அவர் இறங்கினால் கயிறு என் கையில், நான் இறங்கினால் அவர் கையில்.

இனி அந்த மார்கழியைச் சொல்கிறேன்.

வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிளை ஆற்றில் தலைமதகு. அதிலிருந்து பிரிகிற வாய்க்கால் பல ஊர் கடந்து போய்க் கடைமடையில் முடியும். புது ஆட்சி வந்து, உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை எடுத்துக் கூலி ஆட்களுக்குத் துண்டு துண்டாகப் பட்டா கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் எல்லாம் கடைமடையில் இருந்தன. வாய்க்காலின் தலையில் இருந்த நல்ல நிலம் மிராசுதாருடையது. அறுப்புக் கூலி தகராறு அந்த வருஷம் அறுப்புக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. மிராசுதார் டிராக்டர் வாங்கியதில் கோபம் இன்னும் ஏறியிருந்தது. பயிரோ கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நேரம். கடைசித் தண்ணீர் ஒன்று பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் பதர்.

கடைமடைக்கு முறை வந்த அன்றைக்குப் பார்த்து மதகின் ஷட்டர் ஏற மறுத்தது. அடியில் ஏதோ சிக்கியிருந்தது. மிராசுதார் ஆட்கள்தான் எதையோ சொருகிவிட்டார்கள் என்று கடைமடைக்காரர்கள் சொன்னார்கள். பழி போடுவதற்காகக் கடைமடைக்காரர்களே செய்த வேலை என்று மிராசுதார் ஆட்கள் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி விலகவில்லை. மதகுப் பாலத்தின் இரண்டு முனையிலும் ஆட்கள் நின்றார்கள். பனிக்குள் முகம் தெரியவில்லை. கையில் வைத்திருந்த தடிகள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. நடுவில் எஞ்சினியரும் தாசில்தாரும் நாலு போலீஸ்காரர்களும்.

எஞ்சினியர் நல்ல மனிதர். பக்கத்து ஷட்டர்களைத் திறக்கச் சொல்லி, நாங்கள் இறங்குகிற இடத்தில் இழுப்பைக் குறைத்து வைத்திருந்தார். நான் சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். நிலபுலமெல்லாம் அவர் பொறுப்புதான். மேலே வந்ததும் முதலில் தன்னிடம் சொல்லும்படி தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். கடைமடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். அஞ்சலை என்று பெயர், நடவு ஆட்களின் தலைவி என்று தாசில்தார் சொன்னார். அவள் எதுவும் கேட்கவில்லை. நான் இறங்கப்போகிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "உள்ள என்ன இருக்கோ அத உள்ளபடி சொல்லுங்க, தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

குறியை முள்ளுக்கு நேராக வைத்து இறங்கினேன்.

இரும்பு ஷட்டர் கைக்குத் தட்டுப்பட்டது. தண்ணீரின் அழுத்தத்தில் அது மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டபடியே கீழே போனேன். அடியில் மரம். ஒரு விளிம்பு, அதற்குள் வரிசையாக வளைந்த கட்டைகள். விலா எலும்பு போல இருந்ததால் ஒரு நிமிஷம் ஏதோ பெரிய மீன் என்றே நினைத்தேன். பிறகு புரிந்தது. ஓடம். வண்டலில் பாதி புதைந்து, மூக்கு மட்டும் ஷட்டருக்கு அடியில் நுழைந்திருந்தது. மூக்கின் இடது பக்கம் ஒரு தகரத் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தது. இழுத்தெடுக்கக் கையோடு கொண்டுவந்த இழுவடக் கம்பியைக் கட்ட இடம் தேடி, அதன் அடியில் குடைந்துகொண்டே போனேன். தோளும் முழங்கையும் ஷட்டரிலும் கல்லிலும் உரசின. உள்ளே ஓர் அமைதி. அந்த ஓடத்தில் யாரோ உட்கார்ந்திருக்க, நான் அதன் நிழலில் படுத்திருப்பது போல இருந்தது. வெளியே தடிகளோடு ஆட்கள் நிற்பது வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

கயிறு மூன்று தடவை சுண்டியது. மேலே வா என்று அர்த்தம்.

கடிகாரத்தை முகமூடியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். குறிக்கும் முள்ளுக்கும் நடுவே கொஞ்ச இடைவெளிதான். இறங்கி அதிக நேரம் ஆகவில்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்று அது சொன்னது. கயிறு எங்காவது சிக்கித் தானாக இழுபடுகிறதோ என்று நினைத்தேன். மறுபடியும் மூன்று. கம்பியைக் கட்ட இடம் கைக்குக் கிடைத்துவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. சும்மா மேலே போனால் அந்த இரண்டு கூட்டமும் என்னை என்ன கேட்கும் என்றும் தெரியும்.

தம்பிமார்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னிடம் இரண்டு கடிகாரம் இருந்தது. ஒன்று என் கையில், ஒன்று மேலே ஆரோக்கியத்தின் கையில். இரண்டும் வேறு வேறு சொல்லின. எது சரி என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க முடியும். கயிறு தப்பென்றால் எனக்குப் போவது ஒரு முடிச்சு. கையிலிருப்பது தப்பென்றால் திரும்பி வர நானே இருக்கமாட்டேன். கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

ஷட்டரைப் பிடித்து ஏறும்போதே மூச்சு கனத்தது. முதுகுக்குக் கையை விட்டேன். மிச்சக் காற்றைத் திறக்கிற கம்பி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. ஓடத்துக்கு அடியில் உரசியபோது இழுபட்டிருக்க வேண்டும். மிச்சக் காற்றையும் எனக்குத் தெரியாமலே குடித்து முடித்திருந்தேன். அடுத்த மூச்சில் பாதிதான் வந்தது. அதற்கடுத்தது வரவேயில்லை. கயிறு என்னை இழுத்தது. தேநீர், மோர், பிறகு பனி.

கரையில் ஆரோக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் என் கடிகாரத்தின் வளையத்தை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது.

"கல்லுல இடிச்சு முன்னாடி போயிருக்கு, முத்து. ஆன நேரத்தக் கம்மியாக் காட்டியிருக்கு."

அதற்குள் இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் நெருங்கிவிட்டார்கள். அடியில் ஒரு ஓடம் சிக்கியிருக்கிறது என்று எஞ்சினியரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். காரியக்காரர் முகம் மாறியது. ஓடத்தைக் கொண்டுவந்து சொருகியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டார். கடைமடைக்காரர்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. இரண்டு மூன்று தடிகள் உயர்ந்தன. போலீஸ்காரர்கள் நடுவில் வந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இது நேற்று முந்தாநாள் வந்ததில்லை, மேலே படிந்த வண்டல் ஒரு வெள்ளத்து வண்டல் என்றேன். கையில் தட்டுப்பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். தகரத்தையும் சொன்னேன்.

அஞ்சலை ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"தகரம் எந்தப் பக்கம்?"

"மூக்குல, இடது பக்கம்."

அவள் பக்கத்தில் நின்ற இளைஞன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இப்போது அவள் வாயைத் திறந்தால் பழி தங்கள் பக்கம் வந்துவிடும் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. அவளுக்கும் புரியாமல் இல்லை. கையை விடுவித்துக்கொண்டாள்.

"அது எங்க ஓடம்" என்றாள். "எங்க வூட்டுக்காரரு அடிச்ச தகரம் அது."

ஷட்டருக்கு அடியில் கசிகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் புருஷன் கோவிந்தன் அந்த ஆற்றில் ஓடம் விட்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐப்பசி வெள்ளத்தில் அக்கரையில் சிக்கிய ஆட்களைக் கூட்டிவரப் போனவர் திரும்பவில்லை. ஓடமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்களில் அந்த ஓடத்தில் ஏறாதவர்கள் ஒருவரும் இல்லை. காரியக்காரர், "கோவிந்தன் ஓடமா" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் யார் சொருகியது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

அஞ்சலை எங்கள் பக்கம் திரும்பினாள். "உள்ள அவரு இருக்காரான்னு பாக்க முடியுமா?"

அடுத்த சிலிண்டரை ஆரோக்கியம் மாட்டிக்கொண்டார். வேறு கடிகாரம் வரும்வரை நிறுத்தலாமா என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார். நிறுத்தினால் அந்தக் கூட்டம் இப்படியே நிற்காது. கயிற்றையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அந்த அழகான கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஆரோக்கியத்தின் கல்யாணக் கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டேன். நான் இழுத்தால் மறுபேச்சில்லாமல் வந்துவிட வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்.

கீழே இருக்கிறவனுக்கு நேரம் கனவு மாதிரிப் போகும் என்றேன். கயிறு பிடிக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு நிமிஷமும் கையில் எடையோடு வந்து உட்காரும். பனி மெல்ல விலகி வயல் தெரிய ஆரம்பித்தது. பச்சைக்குள் இளமஞ்சள். தண்ணீரில் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. கம்பி கட்டியாகிவிட்டது என்று கயிறு சொன்னது. அப்போதே அவரை மேலே வரச் சொல்லியிருக்கலாம். அவள் புருஷனைத் தேடட்டும் என்று விட்டேன். குமிழிகள் ஓடத்தின் நீளத்துக்கு மெல்ல நகர்ந்து போயின. அவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு போவது அதில் தெரிந்தது. அஞ்சலை குமிழியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி குமிழியைப் பார்த்தாள்.

நேரம் ஆனது. மூன்று தடவை சுண்டினேன். கீழேயிருந்து ஒரே ஒரு இழுப்பு வந்தது. பொறு என்று அர்த்தம்.

அந்தக் கயிற்றின் அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். எந்தப் பக்கத்துக்காரர் என்று நினைவில்லை. அஞ்சலை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. கையிலிருந்த கடிகாரம் போதும் என்று சொன்னது. நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் போதாது என்றது. மறுபடியும் மூன்று சுண்டி, கயிற்றைக் கையில் சுற்றி இழுக்கவே ஆரம்பித்தேன்.

ஆரோக்கியம் கோபத்தோடு வந்தார். முகமூடியைக் கழற்றிய கையோடு, பின்பக்கம் முழுக்க மண், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவர் சிலிண்டரின் வாயைத் திறந்து காட்டினேன். ஒரு சின்னச் சீறல், அதோடு நின்றது. என் தோளில் கையை வைத்து எழுந்தார்.

அவளுக்கு என்ன சொல்வது? இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவள் மனம் கொஞ்சம் ஆறும் என்று தாசில்தார் காதோடு சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அஞ்சலையிடம் போனேன்.

"முன்பக்கம் முழுக்கப் பாத்தாச்சு, இல்ல. பின்பக்கம் மண்ணு. அங்க கை போகல. இருக்கா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது."

"அப்ப ஓடத்த இழுங்க" என்றாள்.

இழுவடக் கம்பியை எதில் கட்டி இழுப்பது என்ற கேள்வி வந்தது. காரியக்காரர் போய் டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார். எந்த டிராக்டர் தங்கள் வேலையைப் பறிக்க வந்தது என்று கூலி ஆட்கள் ஒரு மாதமாகக் கோபப்பட்டார்களோ, அதே டிராக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஓடம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க எதிர்க்கரையிலிருந்து வடம் போட்டுப் பிடித்தார்கள். அதில் யார் யார் கை வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. முதலில் தண்ணீர் கொதிப்பது போலக் கலங்கியது. பிறகு அந்தத் தகரம் வெளிச்சத்துக்கு வந்தது.

ஓடம் கரை ஏறியதும் அஞ்சலை அதற்குள் இறங்கினாள். பின்பக்கம் நிரம்பியிருந்த வண்டலைக் கையால் அள்ளிப் போட ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் இறங்கினார்கள். மண்வெட்டி கொடுக்கப் போன போலீஸ்காரரிடம் வேண்டாம் என்று தலையாட்டினாள். வெயில் ஏறியது. வண்டல் குறையக் குறைய அடிப்பலகை தெரிந்தது. கடைசி மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முழங்கை வரை சேறு.

"இல்ல" என்றாள்.

அந்த முகத்தில் இருந்தது ஆறுதலா இழப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு ஷட்டரை ஏற்றினார்கள். முனகிக்கொண்டே ஏறியது. வாய்க்காலில் முதலில் நுரையும் சருகும் போயின. பின்னால் தண்ணீர், நாக்கு நீட்டுவது போல, வெடித்த மண்ணை நனைத்துக்கொண்டே போனது. அஞ்சலை சேற்றுக் கையோடு வாய்க்கால் கரையில் ஏறி அந்தத் தண்ணீரோடு நடந்தாள். அது தேங்குகிற இடத்தில் தேங்கி நின்றாள், நகரும்போது நகர்ந்தாள். வயல்களுக்கு நடுவில் அவள் தலை வெகுதூரம் தெரிந்துகொண்டிருந்தது. அறுப்புக் கூலித் தகராறு அந்த வாரத்திலேயே மறுபடியும் ஆரம்பித்தது. தீர வெகுநாள் ஆனது. அன்றைக்கு மதகில் ஒருவருக்கும் அடிபடவில்லை, கடைமடைக்குத் தண்ணீர் போனது. என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பொங்கல் கழித்து நானும் ஆரோக்கியமும் நாகூருக்குப் போனோம். சிங்கப்பூர்க் கப்பலில் வந்து இறங்கிய ஒருவரிடம் முக்குளிக்கிறவர்களுக்கான கடிகாரங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவர் பாயில் ஒரு துண்டை விரித்து ஐந்தாறு கடிகாரங்களை வரிசையாக வைத்தார். ஒன்று தங்க நிறம். ஒன்றில் தேதியும் கிழமையும் தெரிந்தன. ஆரோக்கியம் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். நான் ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு கடியாரம் வாங்குற ஆள இப்பத்தாங்க பாக்குறேன்" என்றார் அந்த நாகூர்க்காரர்.

எங்களுக்கு அது தண்ணீருக்குள் கண்ணை மூடிய வேலைதானே. முதலாவதன் வளையம் இரண்டு பக்கமும் வழுக்கியது, திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதன் வளையம் நன்றாக இருந்தது, ஆனால் வார் முக்குளிக்கிற தடித்த சட்டையின் கைமேல் சுற்றி வரவில்லை. தங்க நிறக் கடிகாரத்தின் சாவிக் குமிழ், தண்ணீர் புகாமல் திருகி மூடுகிற வகை இல்லை. தேதி காட்டியதை நான் முகத்துக்கு அருகில், என் தோள்துண்டால் மூடிய இருட்டில் வைத்துப் பார்த்தேன். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் ஒரே பருமனாக மினுங்கின. எது எது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடிக்காகவே அதை ஒதுக்கினேன்.

கடைசியில் கனமான, அழகில்லாத ஒன்று இருந்தது. ஆரோக்கியம் அதன் வளையத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார். அசையவில்லை. பின்னுக்குத் திருப்பினார். டிக் டிக் என்று பல் பல்லாக நகர்ந்தது. எங்கே இடித்தாலும் அது ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. கண்ணை மூடியபடியே அதை என் பக்கம் நீட்டினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன்.

ஓய்வு பெறும்வரை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கட்டியது அந்தக் கடிகாரத்தைத்தான். அது எங்களைப் பல தடவை வேலை முடியும் முன்பே மேலே கூப்பிட்டிருக்கிறது. மேலே வந்து சிலிண்டரின் வாயைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது.